உமாமி எங்கே முடிகிறது?

வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை மோனோசோடியம் குளூட்டமேட்டைக் கரைத்து ஒரு வாய் குடித்தால் முதலில் லேசாக உப்புக் கரிக்கும். அதன் பின்னாலேயே நாக்கு முழுக்கப் பரவுகிற ஒரு சுவை வரும். விழுங்கிய பிறகும் அது அடிநாக்கில் நிற்கும், எச்சில் ஊறும். அவ்வளவுதான். அடடா என்று சொல்லத் தோன்றாது, இன்னொரு வாய் கேட்கவும் தோன்றாது. உமாமி என்று உலகம் கொண்டாடும் சுவை, துணைக்கு எதுவும் இல்லாமல் வந்தால் இந்த அளவுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சியாரா மெக்கேபும் எட்மண்ட் ரோல்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை மூளைக்குள்ளேயே போய்ப் பார்த்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருக்க, அவர்கள் வாயில் குளூட்டமேட் கரைசல் விடப்பட்டது. அப்புறம் காய்கறி மணம் மட்டும் ஏற்றிய திரவம். அப்புறம் இரண்டும் கலந்தது. தனித்தனியாக வந்தபோது இரண்டுமே அவர்களுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. கலந்து வந்தபோது பிடித்தது. கண்குழிக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் அப்போது எழுந்த கிளர்ச்சி, தனித்தனியே எழுந்த இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தது.

கலந்து வருகிற இந்த ருசிக்குத்தான் ஆங்கிலத்தில் சேவரி என்று பெயர். இனிப்புக் கடைப் பலகைகளில் ‘ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்’ என்று இருக்குமே, அதே சேவரி. கடைக்காரருக்கு அது முறுக்கு, ஓமப்பொடி, காராசேவு, மிக்சர் என்று இனிப்பு தவிர்த்த எல்லாமும். சமைப்பவருக்கு அது உப்பும் கொழுப்பும் வறுத்த வாசனையும் மசாலாவும் கூடி, பசிக்குச் சரியான சாப்பாடு இது என்று வாய் ஒப்புக்கொள்ளும் ருசி. சமையல் கட்டுரைகள் பலவும் உமாமியை ‘சேவரி சுவை’ என்று ஒரே வரியில் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உமாமி என்பது குறிப்பிட்ட சில மூலக்கூறுகள் நாக்கின் குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் உட்காரும்போது பிறக்கும் ஒற்றை உணர்வு. சேவரி, பல புலன்கள் கொண்டுவந்து கொடுப்பதை வைத்து மூளை கூட்டிச் செய்வது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

முறுக்கையே எடுத்துக்கொள்ளலாம். அரிசி மாவு, உளுத்தம் மாவு, உப்பு, சீரகம், பெருங்காயம், எண்ணெய். அதை ருசியாக்குவது உப்பும், எண்ணெயில் வேகும்போது எழும் மணமும், கடித்ததும் நொறுங்கும் பதமும். உளுந்தில் புரதம் ஏராளம். அந்தப் புரதத்தில் குளூட்டமிக் அமிலமும் ஏராளம். ஆனால் அது புரதச் சங்கிலிக்குள் கோக்கப்பட்டுக் கிடப்பதால் நாக்குக்கு அது இருப்பதே தெரியாது. மறுபக்கம் தாய்ப்பால் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் தாய்ப்பாலில் சுமார் 20 மில்லிகிராம் குளூட்டமேட் எதோடும் கட்டுப்படாமல் தனித்து மிதக்கிறது. பசும்பாலில் இருப்பதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. தாய்ப்பாலில் இப்படித் தனித்திருக்கும் அமினோ அமிலங்களிலேயே இதன் அளவுதான் மிக அதிகம். உமாமி இவ்வளவு இருந்தும் தாய்ப்பாலைச் சேவரி என்று எவரும் சொல்வதில்லை. லாக்டோஸின் இனிப்புதான் அதில் முன்னால் நிற்கிறது.

கைக்குழந்தைகளே இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறார்கள். பிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் கேரி பியூசாம்ப் குழுவினர் குழந்தைகளுக்கு இரண்டு விதமாக குளூட்டமேட் கொடுத்துப் பார்த்தார்கள். சூப்பில் கலந்து கொடுத்தால், கலக்காத சூப்பைவிட அதைக் குழந்தைகள் விரும்பிக் குடித்தன. வெறும் தண்ணீரில் கலந்து கொடுத்தபோது அந்த விருப்பம் வரவில்லை. குளூட்டமேட் அதேதான். சூப்பில் அதற்குத் துணை இருந்தது, தண்ணீரில் இல்லை.

உமாமிக்குப் பெயர் வைத்தவர் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிக்குனே இக்கேடா. 1864இல் கியோட்டோவில் பிறந்தவர். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் ஆய்வகத்தில் பயின்றவர். அஸ்பாரகஸ், தக்காளி, பாலாடைக்கட்டி, இறைச்சி ஆகிய நான்கையும் கவனித்துச் சுவைக்கிறவருக்கு, இனிப்பிலும் புளிப்பிலும் உப்பிலும் கசப்பிலும் அடங்காத ஏதோ ஒன்று பொதுவாகத் தட்டுப்படும் என்று அவர் கருதினார். அந்த ஏதோ ஒன்று மிகத் தெளிவாக இருந்தது ஜப்பானியர்களின் ‘தாஷி’யில். கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்தோ, மெல்லச் சூடேற்றியோ எடுக்கும் சாறு அது. ஜப்பானியச் சமையலில் பாதிக்கு மேல் அதன் மீதுதான் நிற்கிறது.

இக்கேடா வாங்கியது சுமார் 12 கிலோ கொம்பு. அதன் சாற்றை வற்றவைத்தபோது முதலில் படிகமாக இறங்கியது மேனிட்டால், காய்ந்த கொம்பின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும் இனிப்புப் பொருள். அது இல்லை. உப்புகள் பிரிந்தன. அவையும் இல்லை. ஒவ்வொன்றாக வெளியேறிய பிறகும் எஞ்சிய நீரில் அந்தச் சுவை அப்படியே இருந்தது. கடைசியில் கைக்குக் கிடைத்தது சுமார் 30 கிராம் குளூட்டமிக் அமிலம். வேதியியலுக்கு அது புதிய பொருளே இல்லை. ஜெர்மானியரான கார்ல் ஹைன்ரிஷ் ரிட்ஹவுசன் 1866லேயே கோதுமைப் புரதத்திலிருந்து அதைப் பிரித்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக அலமாரியில் இருந்த பொருளின் சுவை ஏன் யாருக்கும் தெரியவில்லை? அமிலமாக இருக்கும்போது அது புளிக்கும். சோடியம் போன்ற ஒன்றோடு சேர்ந்து உப்பாக மாறினால்தான் உமாமி தெளிவாகத் தெரியும். இதைக் கண்டுகொண்டதுதான் இக்கேடாவின் உண்மையான சாதனை. 1908இல் காப்புரிமை பெற்றார். 1909இல் சபுரோசுகே சுசுகி என்ற தொழிலதிபர் அதை ‘அஜினோமோட்டோ’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். இக்கேடாவின் கட்டுரையும் அதே ஆண்டு வெளிவந்தது, ஜப்பானிய மொழியில். அதன் ஆங்கில வடிவம் ஓர் ஆய்விதழில் அச்சேற 2002 வரை ஆயிற்று.

கொம்பில் குளூட்டமேட் தானாகவே தனித்து இருக்கிறது. மற்ற பல உணவுகளில் அதை விடுவிக்க யாராவது உழைக்க வேண்டும். பசும்பாலில் அநேகமாக இல்லாத உமாமி, அந்தப் பாலிலிருந்து செய்து ஓராண்டுக்கு மேல் பழுக்கவைத்த பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் குவிந்து கிடக்கிறது: 100 கிராமில் 1,200 மில்லிகிராமுக்கும் மேல். நொதிகள் மாதக்கணக்கில் பொறுமையாகப் புரதச் சங்கிலிகளை வெட்டி வெட்டி அமினோ அமிலங்களாக உதிர்த்த விளைவு அது. சோயா சாஸில் அதே வேலையை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை செய்கிறது. ரோமானியர்கள் மீனையும் உப்பையும் சேர்த்து வெயிலில் புளிக்கவைத்த காரம் என்ற மீன் சாற்றிலும், வியட்நாமிலும் தாய்லாந்திலும் இன்றும் ஊற்றி உண்ணும் மீன் சாஸிலும் மீனின் சொந்த நொதிகளே வெட்டுகின்றன. நெடுங்காலம் வைத்திருந்து, உப்பிட்டு, புளிக்கவைத்து உண்ணும் பழக்கம் உள்ள சமூகங்கள் எல்லாம் வேதியியல் தெரியாமலே குளூட்டமேட்டைக் கண்டுபிடித்திருக்கின்றன.

தக்காளிக்கு நொதிக்கும் ஜாடி வேண்டாம். செடியிலேயே பழுக்கப் பழுக்க அதில் குளூட்டமேட் ஏறுகிறது. இங்கே ஒரு சமையலறைச் செய்தி உண்டு. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சமையல் கலைஞர் ஹெஸ்டன் புளூமென்தாலும் சேர்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தக்காளியின் சதையைவிட விதைகளைச் சூழ்ந்த கொழகொழப்பான பகுதியில்தான் குளூட்டமிக் அமிலம் பன்மடங்கு அதிகம் என்று அதில் காட்டினார்கள். விதையை நீக்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் தக்காளியின் சிறந்த பகுதியைத்தான் குப்பையில் போடச் சொல்கின்றன.

குளூட்டமேட் மட்டும் உமாமி ஆகாது. இக்கேடாவின் மாணவர் ஷின்டாரோ கோடாமா 1913இல் தாஷியில் கொம்போடு சேர்க்கும் இன்னொரு பாதியை ஆராய்ந்தார். அது கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, திரும்பத் திரும்பப் புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, பூஞ்சை படரவிட்டு, சீவிப் பயன்படுத்துவார்கள். அதில் கிடைத்தது இனோசினேட். உயிரோடு இருக்கும் மீனின் தசையில் இது அநேகமாக இராது. மீன் இறந்த பிறகு, தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் படிப்படியாகச் சிதையும்போது இனோசினேட் சேருகிறது. இன்னும் நாளானால் அதுவும் சிதைந்து கசப்பான பொருளாக மாறிவிடுகிறது. உலர்த்துவதும் புகையூட்டுவதும் இந்தச் சிதைவை நடுவழியில் நிறுத்திவைக்கும் வேலை. இதே இனச் சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வதுதான் மாசிக் கருவாடு. இலங்கைத் தமிழர்கள் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசிக்கும் ஜப்பானியர் சீவிப் போடும் கட்சுவோபுஷிக்கும் மீன் ஒன்றுதான். மாசியில் பூஞ்சைக் கட்டம் மட்டும் இல்லை.

மூன்றாவது பொருள் குவானிலேட். அகிரா குனினாகா 1957இல் அதன் உமாமியை அடையாளம் கண்டார்; உலர்ந்த ஷிட்டாக்கே காளானில் அது நிறைய உண்டு. அதைவிடப் பெரிய செய்தியும் குனினாகாவிடமிருந்தே வந்தது. குளூட்டமேட்டோடு இனோசினேட்டையோ குவானிலேட்டையோ சேர்த்தால் சுவை கூடுவதில்லை, பெருகுகிறது. ஷிசுகோ யமாகுச்சி 1967இல் அதை அளந்தார். மொத்த அளவை மாற்றாமல் குளூட்டமேட்டையும் இனோசினேட்டையும் சரிபாதியாகக் கலந்தபோது உமாமி ஏழெட்டு மடங்கு வலுத்தது. கொம்போடு கட்சுவோபுஷியைச் சேர்க்கும் தாஷி இந்தக் கணக்கில்தான் இயங்குகிறது. இறைச்சிக் குழம்பில் தக்காளியையும் பார்மிஜானோவையும் சேர்க்கும் இத்தாலியரும், கோழி சூப்பில் வெங்காயத் தாளும் முட்டைக்கோசும் போடும் சீனரும் இதே பெருக்கலைப் பயன்படுத்துகிறார்கள். தக்காளி நிறையச் சேர்த்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பிலும் நடப்பது அதுதான்.

இந்தப் பெருக்கலின் இயக்கம் விளங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. மேற்கத்திய ஆய்வாளர்கள் பலர் உமாமியை ஐந்தாவது அடிப்படைச் சுவையாக ஏற்க நெடுங்காலம் தயங்கினார்கள். உப்பின் மாறுபாடு என்றார்கள், மற்ற சுவைகளைத் தூக்கிக் காட்டும் பொருள் என்றார்கள். 1985இல் ஹவாயில் உமாமிக்கென்று முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்த பிறகும் ஐயம் தீரவில்லை. நாக்கில் அதற்கென்று ஓர் ஏற்பியைக் காட்டினால்தான் வழக்கு முடியும் என்ற நிலை. 2000இல் மயாமி பல்கலைக்கழகத்தின் நிருபா சௌதரி, ஸ்டீஃபன் ரோப்பர் குழு ஓர் ஏற்பியை முன்வைத்தது. 2002இல் சார்லஸ் ஜுக்கர், நிக்கோலஸ் ரைபா குழுவினர் உள்ளிட்டோர் டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் ஜோடியாகச் சேர்ந்து அமினோ அமிலங்களை உணர்வதைக் காட்டினார்கள். இதே டி1ஆர்3, டி1ஆர்2 என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்தால் இனிப்பின் ஏற்பி. இனிப்புக்கும் உமாமிக்கும் பாதி உறுப்பு பொது.

இந்த ஏற்பியின் வெளிப்பகுதி, ஈ வந்து உட்கார்ந்ததும் இலையை மூடிக்கொள்ளும் ஈப்பிடிச் செடியைப் போன்றது. குளூட்டமேட் இரண்டு மடல்களும் சேரும் கீலுக்கு அருகே ஒட்டிக்கொண்டு மடல்களை மூடச் செய்கிறது. இனோசினேட் வாய்ப்பகுதிக்கு அருகே அமர்ந்து, மூடிய மடல்கள் திறந்துவிடாமல் பிடித்துவைக்கிறது. மூடியிருக்கும் நேரம் நீள்வதால் மூளைக்குச் செல்லும் சமிக்ஞை வலுக்கிறது. 2008இல் வெளியான இந்த விளக்கம், குனினாகா நாக்கால் கண்டதை மூலக்கூறின் அசைவாகக் காட்டியது.

விலங்குகளிடம் இந்த ஏற்பி விதவிதமாக மாறியிருக்கிறது. மூங்கிலே கதியென்று வாழும் பாண்டாவுக்கு டி1ஆர்1 மரபணு பழுதாகிச் செயலிழந்துவிட்டது. 2010இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெரிந்த விஷயம் இது. பூனைக்கு இனிப்பு தெரியாது, உமாமி தெரியும். ஆனால் பூனையின் ஏற்பி குளூட்டமேட்டைக் கண்டுகொள்வதில்லை. இனோசினேட் போன்றவற்றைத்தான் முதலில் பிடிக்கிறது. சூரை மீனுக்குப் பூனை ஆலாய்ப் பறப்பதற்கு இதில் விடை இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. குரங்கினத்தின் கதை இன்னும் சுவையானது. பூச்சி தின்னும் சிறு இனங்களின் ஏற்பி இனோசினேட் வகைப் பொருள்களுக்கே கூர்மையானது. இலை தின்னும் பெரிய இனங்களில்தான் குளூட்டமேட்டுக்குக் கூர்மை வந்திருக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். இலையிலும் தனித்த குளூட்டமேட் உண்டு. அந்தச் சுவை கசப்பான இலையை உண்ண உதவியிருக்கலாம். உமாமி இறைச்சியின் சுவை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இந்த ஆய்வு அசைத்துப் பார்க்கிறது.

நாக்கின் கணக்கு இத்தோடு முடிகிறது. சேவரியின் பெரும்பகுதி மூக்கில் இருக்கிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் உணவின் வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. அது வாயில்தான் நடப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பேறுவதை லூயி காமில் மையார் 1912இல் விவரித்தார். வறுத்த இறைச்சி, தோசையின் முறுகல், காபிக் கொட்டை என எல்லாவற்றின் மணத்திலும் அந்த வினை உண்டு. இறைச்சி மணத்தின் உயிர்நாடியான சேர்மங்கள் பலவற்றில் கந்தகம் இருக்கிறது. வதக்கிய வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பவையும் கந்தகச் சேர்மங்களே. எண்ணெயில் பொரியும் பெருங்காயத்திலும் அவைதான். வெங்காயம், பூண்டு சேர்க்காத வீடுகளில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பெருங்காயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒரு காரணம். நாக்கு உமாமி என்று எதையும் பெரிதாகப் பதிவு செய்யாதபோதே ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தால் ரசம் ‘சாப்பாடு’ ஆகிவிடுகிறது.

அஜினோமோட்டோ மீதான அச்சத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகங்களில் சாப்பிட்ட பிறகு பிடரி மரத்துப்போவதாகவும் படபடப்பு வருவதாகவும் சொல்லி, சாத்தியமான பல காரணங்களில் ஒன்றாக குளூட்டமேட்டைக் குறிப்பிட்டிருந்தார். மற்ற காரணங்கள் மறந்துபோயின; இது மட்டும் நின்றது. தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன 130 பேரை வைத்து, எது குளூட்டமேட் எது போலி என்று இரு தரப்புக்கும் தெரியாதபடி நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், உணவோடு கொடுத்தபோது எவருக்கும் அறிகுறிகள் சீராகத் திரும்ப வரவில்லை. தக்காளியின் குளூட்டமேட்டையும் பாக்கெட்டின் குளூட்டமேட்டையும் உடல் வேறுபடுத்தி அறியாது. உண்ணும் குளூட்டமேட்டின் பெரும்பங்கு குடல் சுவரிலேயே எரிபொருளாகச் செலவாகிவிடுகிறது. அளவு என்பது எதற்கும் உண்டு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் வரையறுத்தது. கவலைப்பட வேண்டியது பெரும்பாலும் அதனுடன் வரும் உப்பும் கொழுப்பும்தான். குளூட்டமேட்டில் சோடியம் சுமார் 12 சதவீதம், சமையல் உப்பில் 39 சதவீதம். சூப்பில் உப்பைக் குறைத்து குளூட்டமேட் சேர்த்தால் ருசி குறையாமல் சோடியம் குறைவதை யமாகுச்சி 1984லேயே காட்டியிருந்தார்.

உமாமியும் சேவரியும் வேறு என்பதற்கு ஆய்வகத்தைவிட வலுவான சான்று நோயாளிகளிடம் கிடைத்தது. கோவிட் தொற்றில் மூக்கின் உணர்வை மட்டும் இழந்தவர்களின் நாக்கில் உமாமி அப்படியே இருந்தது. ஆனால் கோழி சூப் அவர்களுக்கு உப்புப்போட்ட வெந்நீராகிவிட்டது. சேவரி போய்விட்டது.

இதற்கு நேரெதிர் நிலையும் உண்டு. ஜப்பானின் செண்டாய் நகரில் டோஹோகு பல்கலைக்கழகத்தின் தகாஷி சசானோ குழுவிடம், சாப்பாடு ருசிக்கவில்லை என்று முதியவர்கள் சிலர் வந்தார்கள். வடிதாள் வில்லைகளில் ஒவ்வொரு சுவையாக நனைத்து நாக்கில் வைத்துச் சோதித்தபோது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு நான்கும் சரியாகவே தெரிந்தன. உமாமி மட்டும் தெரியவில்லை. அவர்களுக்குப் பசி குறைந்திருந்தது, எடையும் குறைந்திருந்தது. ஒற்றைச் சுவை போனதில் சாப்பாட்டின் மொத்த ருசியும் சரிந்திருந்தது. இவர்களில் பலருக்கு வாய் வறட்சியும் இருந்தது. எச்சில் இல்லாமல் எந்தச் சுவைப் பொருளும் ஏற்பியைப் போய்ச் சேராது. உமாமி தூண்டும் எச்சில், புளிப்பு தூண்டுவதைவிட நெடுநேரம் ஊறுகிறது என்பதை வைத்து அந்தக் குழு கொம்புத் தேநீரைக் குடிக்கக் கொடுத்தது. எச்சில் கூடியது, வறட்சி குறைந்தது. சிகிச்சையில் சுவை திரும்பியவர்களுக்குப் பசியும் திரும்பியது. எடை ஏறத் தொடங்கியது.